ஆறாவது வரியில் குழந்தை

மதியம் ஒன்றரை மணிக்கு ஆஸ்பத்திரியின் விளக்குகள் ஒரே நேரத்தில் அணைந்தன. தெருவில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரம் குடிநீர்க் குழாயை உடைத்துவிட்டது. தண்ணீருக்குப் போக்கிடம் வேண்டுமே, கட்டடத்தின் அடித்தளத்துக்குள் இறங்கி மின்சார அறையை நிரப்பியது. சுவர்க் குழாய் வழியாக மாடிகளுக்கு ஆக்சிஜன் அனுப்பும் இயந்திரமும் அங்கேதான் இருந்தது. அதுவும் மூச்சை நிறுத்திக்கொண்டது.

முதல் மாடியில், அலமாரியா அறையா என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில், ஆஸ்பத்திரியின் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளை அங்கே எல்லோரும் ‘லிஸ்ட் மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபத்து நேரத்தில் யாரை முதலில் கீழே இறக்குவது என்று சொல்லும் பட்டியலை எழுதியவள் அவள். விளக்கு போன அடுத்த நொடி மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். இறங்கி வரும் நோயாளிகளுக்கு வழிவிட்டு மேலே சேரக் கால் மணி நேரம் பிடித்தது. கடமை ஒரு பக்கம் இருக்க, நான்காவது மாடியில் 417-ஆம் படுக்கையில் அவள் மாமனார் இருந்தார். எண்பத்தொரு வயது, இடுப்பு எலும்பு அறுவை முடிந்து மூன்று நாள், முகத்தில் ஆக்சிஜன் முகமூடி.

கட்டிலருகே நாத்தனார் நின்றிருந்தாள். சுவர்க் குழாயைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய சிலிண்டரை யாரோ மாட்டியிருந்தார்கள்.

“அண்ணி, வந்துட்டீங்களா! இந்த முள்ளைப் பாருங்க. முப்பது நிமிஷம் தாங்கும்னு சொன்னாங்க. சொல்லியே பத்து நிமிஷம் ஆச்சு. வேற சிலிண்டர் கேட்டா, எல்லாம் பக்கத்துக் கட்டடத்துல இருக்காம், அங்கேயே போதலையாம்.”

“மாமா, எப்படி இருக்கீங்க?”

மாமனார் முகமூடிக்குள்ளிருந்து கண்ணைச் சிமிட்டினார். முப்பத்தைந்து வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். “வண்டி கிளம்பலையா இன்னும்?” என்றார். குரல் பஞ்சுக்குள் இருந்து வருவது போல வந்தது.

வண்டி என்றால் லிப்ட். கட்டடத்தின் கோடியில் படுக்கையோடு ஏற்றும் பெரிய லிப்ட் ஒன்று இருந்தது, அதற்குத் தனியாக பேட்டரி. படிக்கட்டு குறுகல், ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டில் மாட்டிக்கொள்ளும். நடக்கவும் முடியாமல் ஆக்சிஜனும் தேவைப்படுகிறவர்களுக்குப் பட்டியலில் சிவப்பு நிறம். சிவப்பில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் லிப்ட். சிவப்புக்குள் யார் முன்னால் என்றால் வயதில் மூத்தவர் முன்னால். இது ஆஸ்பத்திரியின் விதி. யாரும் சண்டை போடக்கூடாது என்பதற்காகத் திரையில் படுக்கை எண் மட்டும் தெரியும்படி அவள்தான் அமைத்திருந்தாள். பெயர் கிடையாது, வயது கிடையாது.

“நம்மதான் முதல்ல இருப்போம்னு நெனச்சேன்,” என்றாள் நாத்தனார். “ரெண்டு கட்டில் போயாச்சு. ரெண்டாவதா போனவருக்கு முடிகூட முழுசா நரைக்கலை. இந்த மாடியில அப்பாவை விட வயசானவங்க அத்தனை பேரா?”

மருமகள் தாழ்வாரத்தின் முனையில் இருந்த செவிலியர் மேசைக்கு ஓடினாள்.

அங்கே பெரிய சிஸ்டர் பேட்டரியில் ஓடிய திரையைப் பார்த்தபடி, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமைச் செவிலி. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை, தாழ்ந்தும் கேட்டதில்லை. லிப்ட் வாசலில் மூன்றாவது கட்டில் காத்திருந்தது. லிப்ட்காரர் கதவை முதுகால் தாங்கியபடி கத்தினார்:

“சிஸ்டர், பேட்டரி மொத்தம் ஆறு நடைதான் தாங்கும். ரெண்டு போச்சு. இது மூணு. அப்புறம் மூணு. ஏழாவதுக்கு என்னை அடிச்சாலும் வராது!”

“போங்க, பேசிக்கிட்டு நிக்காதீங்க,” என்றார் பெரிய சிஸ்டர். கதவு மூடியது. கீழே போய், பக்கத்துக் கட்டடத்துக்குக் கட்டிலைத் தள்ளிவிட்டு, லிப்ட் திரும்பி வர ஏழு நிமிடம் ஆகும்.

நான்காவது கட்டிலும் வாசலுக்கு வந்து நின்றுவிட்டது. பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பும் விலா எலும்பும் உடைந்த ஒரு மனிதர். அவர் மனைவி ஒரு டீச்சர், சிலிண்டரைக் குழந்தை போல இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

திரையில் ஆறு வரிகள் தெரிந்தன. மருமகள் விரலால் கீழே தள்ளினாள். மொத்தம் ஒன்பது. 417 எட்டாவது.

எட்டாவது என்றால் அவர் முறை வராது. ஐந்து பேர் காத்திருக்க மூன்று நடை. கடைசியில் நிற்கும் இருவரில் ஒருவர் அவர். ஆனாலும், இருக்கலாம், ஏழு பேர் மூத்தவர்களாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வரிகளை மறுபடி படித்தாள். அப்போதுதான் ஆறாவது வரி கண்ணில் பட்டது. ‘மகப்பேறு 3’. சாம்பல் நிறம், அதாவது இறங்கியாயிற்று.

“சிஸ்டர், இது யாரு?”

“காலைல பத்தே முக்காலுக்குப் பிறந்த குழந்தை. மூச்சு கொஞ்சம் திணறிச்சு, அதான் சிவப்பு. கைல தூக்கிட்டே படில இறங்கியாச்சு. லிப்டு வேண்டாம்.”

“மூணு மணி நேரக் குழந்தை ஆறாவது இடத்துல எப்படி வரும்? அது கடைசியில இல்ல இருக்கணும்?”

“முடிஞ்ச வரி. எங்க இருந்தா என்ன?”

“அதுக்குக் கீழ மூணு பேர் இருக்காங்களே, சிஸ்டர். அந்த மூணு பேரும் அதுக்கப்புறம் பிறந்தவங்களா?”

பெரிய சிஸ்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். “அந்த மூணு பேர்ல உங்க மாமனார் ஒருத்தர். இல்லையா?”

அவளுக்குக் காது சூடானது. “ஆமா.”

“பயிற்சி அன்னிக்கு நீங்க இதே இடத்துல நின்னு என்ன சொன்னீங்க? லிஸ்ட் சொன்னா சொன்னதுதான், யார் வந்து கெஞ்சினாலும் மாத்தாதீங்க, நானே வந்து கெஞ்சினாலும் மாத்தாதீங்கன்னு. நான் நோட்டுல எழுதியே வெச்சிருக்கேன்.”

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். இருவர் பேச்சும் அவள் காதில் விழுந்துவிட்டது.

மருமகள் வெள்ளைத் துணிகள் அடுக்கிய தள்ளுவண்டியின் மேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தாள். பேட்டரி பதினொரு சதவீதம். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எந்த வரி என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. சில தவறுகள் அப்படித்தான், நம்மைத் தேடி வரும்போதே முகவரியோடு வரும்.

சி என்ற நிரல் மொழியில் ஒரு வரிசையை அடுக்கச் சொன்னால், அது எழுதியவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கும்: இந்த இருவரில் யார் முன்னால்? முதலாமவர் என்றால் சுழியத்துக்குக் கீழே ஏதாவது ஓர் எண், இரண்டாமவர் என்றால் மேலே ஏதாவது ஓர் எண், இருவரும் சமம் என்றால் சுழியம். இவ்வளவுதான் பதில். மூன்று வருடத்துக்கு முன் அந்தப் பதிலை அவள் ஒரே வரியில் எழுதினாள்: முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழி. முன்பு அங்கே நீளமாக ஐந்து வரி இருந்தது. அதை ஒரு வரியாக்கிய அன்று, நல்ல கவிதையில் தேவையில்லாத சொல்லை அடித்தவள் போல நாள் முழுக்க மிதந்தாள். வேகமாகவும் ஓடும் என்று எல்லோரிடமும் சொன்னாள். ஒன்பது படுக்கைக்கு வேகம்!

“சிஸ்டர், ரெண்டே நிமிஷம் கேளுங்க. ஒவ்வொருத்தரும் பிறந்த நேரத்தை நொடிக்கணக்கா வெச்சிருக்கேன். யார் மூத்தவங்கன்னு பார்க்க ஒண்ணுலேருந்து ஒண்ணைக் கழிக்கிறேன். ஆனா கழிச்சு வர்ற விடையை வைக்கிற டப்பா சின்னது. இருநூத்துப் பதினாலு கோடிக்கு மேல அதுல கொள்ளாது. அறுபத்தெட்டு வருஷம்னு வெச்சுக்கோங்க. வித்தியாசம் அதுக்கு மேல போனா விடை தலைகீழா ஆயிடும்.”

“தலைகீழான்னா?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரோரம் நோயாளிகளை நிறுத்தி எடை பார்க்கும் பழைய வட்ட முகக் கருவி நின்றது.

“இந்த மெஷின் நூத்திருபது கிலோ வரைக்கும்தான். நூத்தி முப்பது கிலோ ஆள் ஏறினா என்ன காட்டும்?”

“முள்ளு ஒரு சுத்து சுத்தி வந்து பத்துன்னு காட்டும். போன மாசம் ஒருத்தருக்கு மருந்தே மாத்திக் கொடுக்கப் பார்த்தாங்க. நான்தான் ஆளைப் பாரு, முள்ளைப் பாக்காதன்னு திட்டினேன்.” சொல்லி முடித்ததும் பெரிய சிஸ்டரின் முகம் மாறியது.

“அதேதான். அறுபத்தெட்டு வயசுக்கு மேல இருக்கறவங்க எல்லாரும் அந்தக் குழந்தையோட எடை போடும்போது, முள்ளு சுத்திடுச்சு. குழந்தையை விடச் சின்னவங்கன்னு காட்டிடுச்சு.”

“மூணு வருஷமா இது தெரியலையா உங்களுக்கு?”

“இது எலும்பு ஆஸ்பத்திரி, சிஸ்டர். இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ சிவப்புல யாருமே வந்ததில்ல. மகப்பேறு வார்டு இந்தக் கட்டடத்துக்குப் போன வாரம்தானே வந்துச்சு.”

அடுக்கும் முறை எப்போதும் யாராவது ஒருவரை நடுவில் நிறுத்தி, மற்றவர்களை அவருக்கு முன், அவருக்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்கும். இன்று நடுவில் நின்றது அந்தக் குழந்தை. கண்கூடத் திறக்காத அது ஒரு மதில் போல நின்று, ஆஸ்பத்திரியின் மிக மூத்த மூன்று பேரைத் தனக்குப் பின்னால் தள்ளிவிட்டது.

“குழந்தை வரியை எடுத்துட்டா சரியாயிடும். உங்க அட்டையைத் தேய்ச்சு நீக்கிடுங்க,” என்றாள்.

“பிறந்து மூணு மணி நேரம் ஆகலை. அதுக்குள்ள கணக்குலேருந்து அழிக்கச் சொல்றீங்களா? மாட்டேன். கீழ அதுக்கு மருந்து கொடுக்கறதே இந்த வரியைப் பாத்துதான்.” கடிகாரத்தைப் பார்த்தார். “லிப்டு வர நாலு நிமிஷம் இருக்கு. உங்க தப்பு எங்க இருக்கோ அங்க சரி பண்ணுங்க. என் கண்ணு முன்னால பண்ணுங்க. நான் பாத்துட்டுத்தான் அட்டையைத் தேய்ப்பேன்.”

மருமகள் பழைய வரியை அழித்தாள். புதிய வரியில் கேள்வியை இரண்டாக உடைத்தாள். முதல் எண் பெரியதா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் சுழியம். முதல் எண் சிறியதா? அதற்கும் அப்படியே. முதல் விடையிலிருந்து இரண்டாவது விடையைக் கழி. இப்போதும் கழித்தல்தான், இப்போதும் ஒரே வரிதான். ஆனால் ஒன்றையும் சுழியத்தையும் கழித்தால் எந்த டப்பாவும் நிரம்பி வழியாது. வேகத்திலும் குறைவில்லை. மூன்று வருடம் முன்பே எழுதியிருக்கலாம். அது பற்றிப் பிறகு அழலாம்.

நாத்தனார் எப்போது வந்தாளோ, முதுகுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. காதருகே குனிந்து சொன்னாள்: “அண்ணி, முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. இவ்வளவு எதுக்கு? நேரா அப்பா நம்பரை மேல போட்டுடுங்களேன். நீங்க எழுதினதுதானே? யாருக்குத் தெரியப்போகுது?”

அவள் விரல்கள் நின்றன. ஒரு வரி போதும். 417 முதலில் என்று ஒரே ஒரு வரி. பெரிய சிஸ்டர் பக்கத்திலேயே நிற்கிறார், ஆனால் அவருக்கு இந்த மொழி படிக்கத் தெரியாது. அங்கே இருந்த அத்தனை பேரிலும் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்தத் தனிமை அவளுக்கு இதுவரை பெருமையாகவே இருந்திருக்கிறது.

“நீ போய் மாமா பக்கத்துல இரு,” என்றாள்.

“அண்ணி!”

“போன்னு சொல்றேன்ல.”

எழுதியதை இயங்கும் நிரலாகத் தொகுக்கச் சொன்னாள். கணினி யோசித்தது. பேட்டரி ஏழு. முடிந்ததும் உடனே அனுப்பாமல் இன்னொரு சின்ன நிரலைத் திறந்தாள்.

“இப்ப என்ன?” என்றார் பெரிய சிஸ்டர்.

“சோதனை. இருக்கறதுலயே மிகப்பெரிய எண், மிகச்சின்ன எண், சுழியம், ஒரே நேரத்துல பிறந்த ரட்டைப் பிள்ளைங்க, எல்லாத்தையும் மோத விட்டுப் பார்க்கணும்.”

“நேரமில்லையே.”

“போன தடவை இதைத்தான் செய்யாம விட்டேன்.”

நாற்பது நொடி. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நாற்பது நொடி வந்ததில்லை. திரையில் பச்சையாகச் சின்னச் சின்னக் குறிகள் வரிசையாக விழுந்தன. கடைசிக் குறி விழுந்தபோது தாழ்வாரக் கோடியில் லிப்ட் மேலேறும் முனகல் கேட்டது.

பெரிய சிஸ்டர் அட்டையைத் தேய்த்தார். மேசைத் திரை ஒரு கணம் வெறுமையாகி, மறுபடி நிரம்பியது. குழந்தை ஒன்பதாவது வரிக்கு இறங்கியிருந்தது. முதல் வரியில் 402. இரண்டாவது 417. மூன்றாவது 431.

“402 யாரு?” என்று கேட்டது, போகச் சொல்லியும் போகாத நாத்தனார்.

“தையல்காரம்மா,” என்றார் பெரிய சிஸ்டர். “எண்பத்தி நாலு. கூட யாரும் இல்ல. தன் முறை எப்ப வரும்னு ஒரு தடவைகூட கேக்கலை, பாவம்.” அப்படிச் சொல்லிவிட்டு மருமகளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி தீர்ந்து போயிருந்தது. “402-ஐத் தள்ளிட்டு வாங்க! அடுத்தது 417!”

“அப்போ நாங்க?” என்றாள் டீச்சர். அவள் கணவரின் கட்டில் வாசலில், பாதிச் சக்கரம் லிப்டுக்குள் போகும் தூரத்தில் நின்றது. “நாங்கதான அடுத்தது? இப்பதான சொன்னீங்க?”

மருமகள் தள்ளுவண்டியை விட்டு விலகி வந்தாள்.

“லிஸ்ட் தப்பா இருந்துச்சு. இப்ப சரி பண்ணியிருக்கோம். உங்க வீட்டுக்காரர் நாலாவது.”

“லிப்ட் எத்தனை நடை போகும்?”

“மூணு.”

டீச்சர் சிலிண்டரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “இப்ப போற மூணு பேர்ல உங்க வீட்டு ஆள் யாராவது உண்டா?”

“ரெண்டாவது. என் மாமனார்.”

“நல்லா சரி பண்ணியிருக்கீங்க,” என்றாள் டீச்சர்.

சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. கட்டிலில் இருந்த மனிதர் மனைவியின் முழங்கையைத் தொட்டு, “தள்ளு, வழியை விடு, அந்தம்மா வரட்டும்,” என்றார்.

தையல்காரம்மா போனார். ஏழு நிமிடம் தொடங்கியது. மருமகள் மாமனாரின் கட்டிலை வாசலுக்குத் தள்ளி வந்து, சிலிண்டரின் முள்ளைப் பார்த்தபடி நின்றாள். முள் அசையவில்லை என்று தோன்றும். கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் நகர்ந்திருக்கும். மாமனாரின் உதடு ஊதா நிறத்துக்கு மாறத் தொடங்கியது. நாத்தனார் அப்பாவின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், “முதல்லயே போட்டிருந்தா இந்நேரம் கீழ இருந்திருப்பார்,” என்றாள். அது உண்மைதான்.

“பேசாம இரு,” என்றார் மாமனார் மகளிடம். இரண்டு சொல்லுக்கே அவருக்கு நான்கு மூச்சு வேண்டியிருந்தது.

லிப்ட் வந்தபோது உள்விளக்கு எரியவில்லை. லிப்ட்காரர் பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு கட்டிலை இழுத்தார். நாத்தனார் உள்ளே போனாள். மருமகள் வெளியே நின்றாள். கதவு மூடும்போது முள் அடியைத் தொட்டிருந்தது.

அடுத்த சில நிமிடங்கள் அவள் எதையும் பார்க்கவில்லை. கையில் கைபேசி, அதன் கறுத்த முகம் மட்டும். 431-ஐ யாரோ தள்ளி வந்தார்கள். பிறகு கைபேசி அதிர்ந்தது. நாத்தனார் எழுதியிருந்தாள்: ‘புது சிலிண்டர் மாட்டியாச்சு. மூச்சு வருது.’ அண்ணி என்ற சொல் அதில் இல்லை.

லிப்ட் கடைசியாக ஒரு முறை வந்து, 431-ஆம் படுக்கையின் எழுபத்திரண்டு வயதுக்காரரை ஏற்றிக்கொண்டு போனது. திரும்பி வரவில்லை. எங்கோ கீழே, தரைத்தளத்தில், பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் கேட்டு அடங்கியது. கட்டில் இறங்கிவிட்டது, வண்டிதான் செத்தது என்று லிப்ட்காரர் படிக்கட்டு வழியே மேல்நோக்கிக் கத்தினார்.

நான்காவது மாடியில் சிவப்பில் இருவர் மிச்சம். தீயணைப்பு வீரர்கள் ஆறு பேர் துணித் தூளிகளோடும் புது சிலிண்டர்களோடும் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். இரண்டு தூளி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர்தான்.

“நாலாவது கைக்கு ஆள் வேணும்! கூடவே சிலிண்டரைத் தூக்க ஒருத்தர்!” என்றார் அவர்களில் மூத்தவர்.

மருமகள் மடிக்கணினியைத் துணி வண்டியிலேயே விட்டுவிட்டு, டீச்சரின் கணவரைக் கிடத்திய தூளியின் இடதுகால் மூலையைப் பிடித்தாள். டீச்சர் அவளை ஒரு கணம் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று தோன்றியது.

“இப்ப இருக்கற லிஸ்ட் சரியானதுதானே?” என்று கேட்டாள்.

“சரியானதுதான்.”

“சரியா இருந்தும் எங்களுக்கு இடமில்ல.”

“ஆமா.”

டீச்சர் தலையசைத்தாள். சிலிண்டரைத் தோளோடு சேர்த்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைத் தடவியபடி முதலில் படியிறங்கினாள். முதல் திருப்பத்தில் தூளி சுவரில் உரசியது. உள்ளே கிடந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டார். மருமகளின் விரல்கள் துணியின் விளிம்பில் அறுபட்டு எரிந்தன.

“உங்க பக்கம் தூக்குங்க,” என்றாள் டீச்சர், கீழேயிருந்து. “இன்னும் கொஞ்சம். விட்டுடாதீங்க.”

“விட மாட்டேன்,” என்று சொல்லி அவள் தூக்கினாள். கீழே இன்னும் ஏழு திருப்பங்கள் இருந்தன.